ஊசியக்கா காருக்கு வந்த தாகம்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. ஊர் முழுக்க அவளுக்கு ஊசியக்காதான். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பாள். சிவப்பு மூடி, ஊதா மூடி, மஞ்சள் மூடி என்று குழாய்களில் நிரப்பி, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். எவ்வளவு தடித்த கையாக இருந்தாலும் நரம்பு எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவளுடைய வித்தை விரலில் இல்லை, வாயில் இருக்கிறது. "உங்க வாசல்ல புதுசா ஒரு பூனை உட்கார்ந்திருக்கே, அதுக்கு யாரு பால் வைக்கிறது?" என்று கேட்பாள். நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா என்று எதிராளி யோசிக்கத் தொடங்குவதற்குள் ஊசி போய்த் திரும்பியிருக்கும். பஞ்சை அழுத்திக்கொண்டு, "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் அந்தக் கேள்வி அவளுக்கு அலுத்ததில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் வரன் வந்தபோதெல்லாம் அவளுக்கு நைட் ஷிஃப்ட் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதும் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கீழே நான், என் மனைவி. ராத்திரிச் சாப்பாடு மூவருக்கும் ஒன்றாகத்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கார் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். பெட்ரோல், கரண்ட் இரண்டிலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டிகள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் 'மைலேஜ்'. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அதிலும் பெட்ரோல் வீணாவதைப் பார்த்தால் சுத்தமாக ஆகாது. சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிற காரின் கண்ணாடியைத் தட்டி நியாயம் கேட்டிருக்கிறேன். வாங்கியும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் அக்கா ஒரு பெட்ரோல் பங்க்கில் மனதை வைத்திருந்தாள். அது தெரியாமல், பெட்ரோலே தேவைப்படாத ஒரு காரை நான் அவள் தலையில் கட்டினேன். இந்தக் கதை அவ்வளவுதான்.

அந்த பங்க் அவளுடைய கடைசி வீட்டுக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூத்தவருக்குத் தலையில் எப்போதும் ஒரு மஞ்சள் தொப்பி. வெயிலில் அது மஞ்சள் என்று சொன்னால்தான் தெரியும் என்கிற நிலைக்கு வந்திருந்தது. எல்லாரும் அவரைத் தொப்பிக்காரர் என்பார்கள். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். கணக்கும் பார்ப்பார், குழாயும் பிடிப்பார், டயருக்குக் காற்றும் அடிப்பார். பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

அக்காவின் பழைய கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. நானும் இரண்டொரு தடவை கூடப் போயிருக்கிறேன். வண்டிக்குப் பெட்ரோல் போட்டதும் முன்கண்ணாடியைத் துடைத்துவிடுவது அவர் வழக்கம். எல்லாருக்கும் முன்கண்ணாடி மட்டும். அக்காவுக்கு நான்கு பக்கமும், போதாததற்குப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும். நல்ல சர்வீஸ் என்று நான் மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

அவர் துடைத்துக்கொண்டே இருப்பார், அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். அன்றைக்கு எந்த வீட்டில் யார் ஊசியைக் கண்டு கட்டிலுக்கு அடியில் போனார், எந்த மாமியாரும் மருமகளும் யாருக்குச் சர்க்கரை குறைவு என்று போட்டி போடுகிறார்கள் என்று எல்லாம் சொல்வாள். அவர், "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான் அவர் பங்கு. வீடு வீடாக அவள் பேசுவது அடுத்தவர் ஊசியை மறப்பதற்கான பேச்சு. இங்கே மட்டும்தான் அவள் தனக்காகப் பேசினாள். முதலில் அவளை நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், எப்போது என்று தெரியாமல் அதை நிறுத்திவிட்டு வெறுமனே "வாங்க" என்று சொல்லத் தொடங்கினாராம். இதைக் கவனித்தவள் என் மனைவி. அவளுக்கு எல்லாம் கண்ணில் படும். எனக்கு டயர் மட்டும்தான் கண்ணில் படும்.

அப்படியிருக்க, பழைய கார் ஒருநாள் நடுரோட்டில் புகைவிட்டு உட்கார்ந்தது. எனக்கு ஏக உற்சாகம். பிளக்-இன் ஹைபிரிட் ஒன்றை அக்காவுக்குப் பார்த்து வைத்தேன். வீட்டுச் சுவரில் செருகி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஊருக்குள் சுற்ற பேட்டரியே தாராளம். நீண்ட பயணம் போனால் எஞ்சின் கைகொடுக்கும். இதே குடும்பத்தில் இன்னொரு வகையும் உண்டு, அதில் எஞ்சின் சக்கரத்தைத் தொடவே தொடாது, உள்ளே உட்கார்ந்து பேட்டரிக்குக் கரண்ட் சமைத்துப் போடுவதோடு சரி. கஸ்டமர்களுக்கு நான் சுலபமாக விளக்குவேன்: முதல் வகை, புருஷன் பெண்டாட்டி இருவரும் முறை வைத்து வேலைக்குப் போகிற வீடு. இரண்டாவது, ஒருவர் சமைக்க ஒருவர் மட்டும் வெளியே போகிற வீடு. எங்கள் வீட்டில் சமைக்கவும் செய்யாமல், வேலையைப் பற்றிப் பேசியே பொழுதைக் கழிக்கிற மூன்றாவது வகை ஒன்று இருப்பதாக என் மனைவி சொல்வாள்.

"அப்ப பெட்ரோலே போட வேண்டாமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"டேங்க்ல கொஞ்சம் கிடக்கும், அவசரத்துக்கு. நீ ஓட்டுற ஓட்டத்துக்கு மாசக்கணக்குல பங்க் பக்கமே தலைவெச்சுப் படுக்க வேண்டாம்."

அவள் முகம் வாடியது. பழைய வண்டியைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்து, அதைவிட இது எவ்வளவு சிக்கனம் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்துபோனாள்.

முதல் சில வாரங்கள் கார் சொன்னபடி கேட்டது. போர்ட்டிகோவில் அக்கா வந்து நிறுத்துவாள், நான் செருகுவேன், காலையில் நிறைந்திருக்கும். எஞ்சின் சத்தமே தெரியாமல் அவள் தெருமுனையைத் தாண்டுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். சர்வீஸ் சென்டரில் எந்தக் கஸ்டமர் வாயெடுத்தாலும், "என் அக்காவே ஓட்டுறாங்க, கேட்டுப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன்.

பிறகுதான் அந்தக் காருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது.

ஒருநாள் எதேச்சையாக டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். லிட்டருக்கு ஐம்பதைத் தாண்டிக் காட்ட வேண்டிய வண்டி பதினான்கு காட்டியது. எனக்குக் கண் இருட்டியது. பழைய கிழட்டு வண்டியே பதினைந்து கொடுத்தது.

"அக்கா, பெட்ரோல் போடுறியா என்ன?"

"போடாம? வண்டின்னா போடணும்தானே."

"எவ்வளவு போடுற?"

"எப்பவாச்சும் ரெண்டு லிட்டர்."

அந்த 'எப்பவாச்சும்' தினமும் என்பது போகப்போகத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. "தினமும் போய் யாராவது ரெண்டு லிட்டர் போடுவாங்களா?" என்று எகிறினேன்.

அக்கா நிதானமாகச் சொன்னாள். "டேங்க்க நிரப்பினா வெயிட்டு, வெயிட்டு கூடினா மைலேஜ் குறையும்னு நீதானேடா சொன்ன. பெட்ரோல் ரொம்ப நாள் கிடந்தா கெட்டுப்போகும்னும் நீதான் சொன்ன. அதான் அப்பப்ப புதுசா, கொஞ்சமா போட்டுக்கிறேன்."

இரண்டும் நான் சொன்னதுதான். இரண்டும் உண்மைதான். என் பேச்சையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

தொழில்காரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காரைப் பிரித்து மேய ஆரம்பித்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது, தொப்பிக்காரர் தினமும் பார்க்கிறாரே, சரியாக இல்லாமல் என்ன. பிரேக் எங்கேயும் பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். டிக்கியில் இருந்த தண்ணீர் கேன், உடைந்த குடை, யாரோ கொடுத்த பழைய ஸ்டூல் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போகிற வழியிலேயே நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் இறங்கவில்லை. மறுநாள் அவள் ஓட்டினாள், பழையபடி பதினான்கு.

என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தாள். "வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. விட்டுடுங்க" என்றாள்.

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் ஸ்கேனரை மாட்டினேன். அது வண்டியின் வயிற்றில் இருப்பதையெல்லாம் கக்க வைத்துவிடும். பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருக்கும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் காரில் சார்ஜைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்க ஒரு பட்டன் உண்டு. நீண்ட ரோட்டில் எஞ்சினை ஓட்டிவிட்டு, அடுத்த ஊருக்குள் நுழைந்ததும் பேட்டரிக்கு மாறுவதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். அதை இவள் காலையில் வண்டியை எடுத்ததுமே அழுத்தியிருக்கிறாள். பேட்டரி சும்மா ஏறி உட்கார்ந்து சவாரி செய்ய, எஞ்சின் தன் பாரத்தையும் அதன் பாரத்தையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பிளக்-இன் வண்டியைப் பாழாக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

"கை பட்டிருக்கும்டா" என்றாள் அக்கா.

"தினமுமா?"

"தினமும்தான் படுது. நான் என்ன பண்ணட்டும்?"

ஆயிரம் குழாய்க்கு ஒரு பெயரைக்கூட மாற்றி ஒட்டாதவளுக்கு, ஒரு பட்டனில் தினமும் கை படுகிறதாம். அவளிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

இங்கே நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே சமயம், பங்க்கில் தொப்பிக்காரரும் உடைத்துக்கொண்டிருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதுக் கார் வாங்கியவள் தினமும் இரண்டு லிட்டர் மட்டும் போடுகிறாளே, ஒன்று வண்டியில் கோளாறு, இல்லாவிட்டால் பணமுடை, எதுவாக இருந்தாலும் அதை அவள் வெளியே சொல்லாமல் கஷ்டப்படுகிறாள் என்று முடிவுகட்டியிருக்கிறார். அதே மாதிரிக் கார் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து விசாரித்திருக்கிறார். ஒருநாள் கண்ணாடியைத் துடைத்து முடித்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

"இந்த மாதிரி வண்டிக்கு வீட்டுல சார்ஜ் போட்டாலே போதுமாம். விசாரிச்சேன். வீணா எதுக்கு அலையுறீங்க. நீங்க இங்க வர வேண்டிய அவசியமே இல்லீங்க."

பெட்ரோல் விற்றுச் சம்பளம் வாங்குகிற மனுஷன், பெட்ரோல் வாங்காதே என்று சொன்னால் அதற்கு மேல் அன்பு என்ன இருக்கிறது. ஆனால் அக்காவின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாளிலிருந்து கார் திருந்திவிட்டது. நான் செருகுவதற்கு முன்னால் அவளே செருகினாள். பட்டனில் கை படவில்லை. டிஸ்ப்ளேயில் மைலேஜ் ஏறிக்கொண்டே போய், அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் நின்றது. என் ஆட்டத்தைக் கேட்க வேண்டாம். எல்லாம் என் ட்யூனிங் என்று சர்வீஸ் சென்டர் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். டிஸ்ப்ளேயைப் படம் எடுத்து, அதை மேனேஜருக்குக் காட்டி, அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை காட்டினேன்.

அக்காதான் சரியில்லை. ராத்திரி சாப்பிட வந்தால், கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். எங்கள் தெருவில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாதம் தவறாமல் அக்காவிடம் கை நீட்டுகிறவர். அவர் என்னை வழிமறித்தார்.

"உங்க அக்காவுக்கு என்னப்பா ஆச்சு? இத்தனை வருஷமா ஊசி குத்தினதே எனக்குத் தெரியாது. நேத்து வலிச்சுது."

"ஊசி மாத்தியிருப்பாங்க சார்" என்றேன்.

"ஊசி அதேதான். பேச்சைக் காணோம்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரமே என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட அந்த பங்க்குக்குப் போனேன். தொப்பிக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அக்கா வண்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

கேட்டது போதும், நான் அவிழ்த்துவிட்டேன். "ஒரு சொட்டுக் குடிக்கலைங்க இப்ப. கோளாறே கிடையாது. எல்லாம் அவ பண்ணின வேலை. சார்ஜ் இருக்கும்போதே எஞ்சினை ஓட வைக்கிற பட்டனை அழுத்தி வெச்சிருந்திருக்கா."

"தெரியாம அழுத்தியிருப்பாங்க."

"அவளா? நான்தான் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். நல்லாத் தெரிஞ்சேதான் அழுத்தியிருக்கா. பெட்ரோல் தீரணும்னே ஓட்டியிருக்கா. நான் ராத்திரி ஏத்தி வெச்ச சார்ஜ் அப்படியே கிடந்துது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் "தெரிஞ்சேவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு குழாயைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டினார். என் வண்டியில் பெட்ரோல் இறங்கவே இல்லை. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சண்டை வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஏன் தள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்று என் மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருங்க. பெட்ரோல் தீரணும்னே ஓட்டினாங்கன்னு சொன்னீங்களா? அவர்கிட்டயே சொன்னீங்களா?"

"ஆமா. உள்ளதைத்தானே சொன்னேன்."

அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். "கல்யாணமான நாளா இன்னைக்குத்தாங்க உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நான்கு பக்கக் கண்ணாடியிலிருந்து ஆரம்பித்து, சிஸ்டர் நின்றுபோனது வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஸ்கேனர் காட்டும் என்று நம்பியிருந்தவன் நான்.

"இப்ப நான் போய் அக்காகிட்ட பேசவா?"

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா நடக்கிறதே வேற. சும்மா இருங்க" என்றாள். சும்மா இருப்பது எனக்கு வராத காரியம். இருந்தாலும் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா சொன்னாள். "பங்க்ல தொப்பி போட்டிருப்பாரே, அவரு சர்க்கரை டெஸ்ட்டுக்கு எழுதி வெச்சிருக்காரு. காலையில போய் எடுத்தேன்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று இவள் கேட்டாளாம், இல்லை என்றாராம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கையை நீட்டினாராம். ஊசியென்றால் அந்த மனுஷனுக்கு அவ்வளவு பயம், நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டதாம். சர்க்கரை ஒன்றும் இல்லை. என் மனைவி என் காலை மிதித்தாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

அடுத்து தைராய்டு டெஸ்ட். அதிலும் ஒன்றும் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் மூன்றாவதாக இன்னொன்றுக்குப் பதிவு வந்துவிட்டது. அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "சும்மா யாராவது இத்தனை டெஸ்ட் எடுப்பாங்களாடா? ஊசியைக் கண்டா நடுங்குற ஆளு. உள்ள ஏதோ பெருசா இருக்கு, டாக்டர் தேடிக்கிட்டிருக்காரு. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீயும் வா."

எத்தனையோ பேருடைய ரத்தத்தில் எத்தனையோ கெட்ட செய்திகளை ஐஸ் பெட்டியில் சுமந்தவள் என் அக்கா. அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே அடக்கினாள்.

மறுநாள் காலையில் போனோம். பங்க் ஆபீஸ் என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எண்ணெய் டின்கள் அடுக்கிய ஒரு அலமாரி. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அக்கா ரப்பர் பட்டையை அவர் கையில் கட்டினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"உடம்புக்கு என்ன? மறைக்காம சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லீங்க."

"எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாரு?"

"டாக்டரெல்லாம் இல்ல. போன் பண்ணினா என்ன டெஸ்ட்னு கேக்கிறாங்க. முதல்ல சர்க்கரைன்னேன். அதுக்கப்புறம் எனக்குப் பேரு தெரியல. அவங்களையே லிஸ்ட்டை வாசிக்கச் சொல்லி, நடுவுல வந்ததைச் சொன்னேன்."

அக்காவின் கையில் ஊசி அப்படியே நின்றது. பயந்துபோயிருந்தவளுக்கு இப்போது கோபம் வந்தது. எங்கள் குடும்பக் கோபம், எனக்கு அடையாளம் தெரியும். "நேத்து ராத்திரி முழுக்க நான் தூங்கலை. ரத்தம்னா என்ன, குழாயில வர்ற தண்ணியா? இப்படியா வீணாக்குவாங்க?"

அவர் சுவரைவிட்டுத் திரும்பாமலே சொன்னார். "நீங்க பெட்ரோலை வீணாக்கலையா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எண்ணெய் டின்னில் அச்சடித்திருந்ததை வாசிக்கத் தொடங்கினேன்.

"வர வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

"பெட்ரோலுக்கு வர வேண்டாம்னு சொன்னேன்." இப்போது அவர் திரும்பிவிட்டார். ஊசி கண்ணெதிரே இருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "கஷ்டப்படுறீங்களோன்னு நினைச்சேன். நீங்க வராம இங்க நாளே ஓடலீங்க."

அக்கா ஊசிக்கு மூடியைப் போட்டாள். ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். கட்டின இடம் சிவந்திருந்தது, அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டாள். ரத்தம் எடுக்க வந்த இடத்தில் எடுக்காமல் அவள் பையை மூடியது அன்றுதான்.

"இனிமே வந்தாலும் பெட்ரோல் போட வழியில்ல" என்றாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "தம்பி தினமும் சார்ஜ் போட்டுடுறான். அந்த வண்டி சார்ஜ்லயே அறுபது கிலோமீட்டர் போகும். அதைத் தாண்டினாத்தான் எஞ்சினுக்கு வேலை."

"அறுபதைத் தாண்டி எங்க போகணும் உங்களுக்கு?"

"எங்கயாவது. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."

"எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது" என்றார் அவர். மேஜைமேல் இருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கேட்டு வாங்கிக்கிறேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாமென்றால் இரண்டு கையிலும் ஐஸ் பெட்டி. அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, பங்க்கில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அதட்டினார். "பொறுங்க சார், ஒரு முக்கியமான வேலை நடந்துக்கிட்டிருக்கு" என்றேன். அவர் என் முகத்தையும் கையில் இருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துக்கொண்டு, தொப்பியைப்போல் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர்கள் பொழுது சாய்ந்துதான் திரும்பினார்கள். முதலில் அவரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அக்கா மட்டும் வந்து போர்ட்டிகோவில் நிறுத்தினாள். பழக்க தோஷம், நான் ஓடிப்போய் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். பேட்டரி துடைத்து வைத்ததுபோல் காலி. பெட்ரோல் முள் கீழே படுத்திருந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்த பிறகு அந்த வண்டி காலியான பேட்டரியின் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும், அதுதான் அதன் பலவீனம். போதாததற்கு ஏசியைப் போட்டுக்கொண்டு மலை வேறு ஏறியிருக்கிறார்கள். ஒரு மெக்கானிக் பார்க்கக்கூடாத மைலேஜ் அது.

"அப்படி எங்கதான் போனீங்க?" என்று கேட்டேன்.

அக்கா சாவியை என் கையில் கொடுத்தாள். முகத்தில் வெயில் பட்ட சிவப்பு. "தெரியலடா" என்றாள். "திரும்ப மனசு வரல. போய்க்கிட்டே இருந்தோம்."